வீணை தனம் அம்மையார்

யாழின் பெயராற் பெயர்பெற்றது நமது நாடு. கண்ணிழந்த பாணன் ஒருவன் யாழ் வாசித்து அரசனை மகிழ்வித்தான் என்றும், அரசன் மனமுவந்து இம்மணற்றிடரை அவனுக்குப் பரிசிலாக ஈந்தான் என்றும், அதனால் இந்நிலம் யாழ்ப்பாணம் எனப் பெயர்பெற்றது என்றும் நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவந்தனர். வரலாற்று ஆராய்ச்சியாளர் இக்கதையை எவ்வாறு கொள்ளினும் கொள்க. இசையைக் கேட்டு இன்புற்றவன் அவ்விசைக்குக் கடன்பட்டவன் ஆகின்றான் என்னும் உண்மை இக்கதையின் உள்ளீடாய் நிற்றலை யாரும் மறுத்தற்கியலாது.

ஆயின், அந்த யாழ் இன்று நம்மிடம் இல்லை. வாசித்த கைகளும் கேட்ட செவிகளும் ஒருங்கே மறைந்தமையால் அக்கருவியும் மறைந்தது. மட்டக்களப்பு ஈன்ற மாமுனிவர் விபுலானந்த அடிகள் பழந்தமிழ் நூற்சான்றுகளையும் கணித நுட்பத்தையும் துணைக்கொண்டு பல்லாண்டு உழைத்தே அதன் இயல்பை ஒருவாறு விளக்கி, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்டார். ஒரு கலை கைவிட்டுப் போனால் அதனை மீட்டற்கு எத்துணைப் பெருமுயற்சி வேண்டும் என்பதற்கு அந்நூலே சான்றாகும்.

யாழுக்கு நேர்ந்த கதி தென்னாட்டு வீணை மரபின் மிக நுண்ணிய பகுதிக்கும் நேர்ந்திருத்தல் கூடும். அவ்வாறு நேராமற் காத்தவருள் தலையாயவர் ஒரு பெண்மணி. அவர் பெருஞ்சபைகளை நாடிச் சென்றவர் அல்லர். நூல் எழுதியவரும் அல்லர். தமது வீட்டின் ஓர் அறையில், வெள்ளிக்கிழமை மாலைதோறும், ஒரு சிலர் கேட்க வீணை வாசித்தார். அவ்வளவே அவர் செய்தது. அவ்வளவினாலே ஒரு மரபு பிழைத்தது. அவர்தாம் வீணை தனம்மாள் என உலகம் போற்றும் தனம் அம்மையார்.

பிறந்த குடி

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் இறுதியானவர் இரண்டாம் சிவாஜி என்பவர். அவர் 1855ஆம் ஆண்டில் ஆண்மகவின்றி மறையவே, ஆங்கிலக் கும்பினியார் அவ்வரசைத் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டனர். அரசவை கலைந்தது; அவையை நம்பி வாழ்ந்த ஆடலாசிரியரும் பாடகரும் புகலிடம் தேடலாயினர். அக்காலத்தில் வாணிகத்தாற் செல்வம் பெருகிய நகரம் சென்னை. அந்நகரத்து வணிகரும் துபாசிகளும் பிற செல்வரும் கலைவாணரை ஆதரித்தனர். காவிரி பாய்ந்த நாட்டிலே செழித்த இசை, இவ்வாறு கடற்கரைப் பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தது.

தஞ்சை அரசவையோடு தொடர்புடைய அத்தகைய குடும்பமொன்றிலேதான் 1867ஆம் ஆண்டில், பிற்காலத்தில் ஜோர்ஜ் ரவுண் எனப் பெயர்பெற்ற சென்னைப் பகுதியிலே தனம் அம்மையார் பிறந்தார். அவருடைய பாட்டியார் காமாட்சி அம்மையார் ஆடலில் வல்லவர். தாயார் சுந்தரம்மாள் பாடலில் வல்லவர். திருவாரூரிலே 1767இல் தியாகராச சுவாமிகள் பிறந்து சரியாக நூறாண்டு சென்றபின்னர், அவர் சமாதியடைந்து இருபதாண்டு சென்றபின்னர், இவர் பிறந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அம்மூவர் காலத்து இசையை நேரே கேட்டவர் அப்பொழுது இன்னும் சிலர் வாழ்ந்திருந்தனர்.

அம்மையார் பிறந்த குலத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிக் கூறுதல் வேண்டும். கோயிலிலும் அரசவையிலும் ஆடலும் பாடலும் நிகழ்த்துதலே அக்குலத்துப் பெண்டிர்க்குத் தொழில். இல்லற வாழ்க்கைக்குப் புறம்பாக அவர்களைச் சமுதாயம் நிறுத்திவைத்தது. ஆயினும், அக்காலத்து இல்லறப் பெண்டிர்க்கு மறுக்கப்பட்ட எழுத்தறிவும், கலைக்கல்வியும், சொத்துரிமையும் அவர்களுக்கு இருந்தன. அவர்தம் வீடுகளிற் பெண்களே தலைமை பூண்டனர். பெயரும் புகழும் தாய்வழியே வந்தன. கேட்டு மகிழ்ந்த சமுதாயம் அவர்களைப் புகழ்ந்தது. புகழ்ந்த வாயாலேயே இகழவும் செய்தது. இம்முரண்பாட்டின் நடுவிலேதான் அம்மையாரின் வாழ்க்கை முழுவதும் கழிந்தது.

கற்ற முறை

இளமையிலேயே அம்மையார் பாடவும் வீணை மீட்டவும் தேர்ந்தார். தங்கையார் ரூபவதி உடன் பாட, தம்பியார் நாராயணசாமி பிடில் வாசிக்க, சிறுவர் மூவரும் சேர்ந்து கச்சேரி நிகழ்த்தினர். ஆயின், சிறுவயதிற் கிடைத்த புகழோடு அமைந்துவிடாது, அம்மையார் ஆசிரியர் பலரை அடுத்துக் கற்றார். அவர் கற்ற முறையை நோக்கின், தேனீ பல மலர்களை நாடித் தேன் சேர்த்தல்போல, தென்னாட்டு இசையின் வெவ்வேறு கிளைகளைத் தம்பால் ஒன்றுசேர்த்துக்கொண்டமை புலனாகும்.

முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சாத்தனூர்ப் பஞ்சு ஐயரிடம் பெற்றார். தியாகராச சுவாமிகளின் நேர்மாணாக்கர் வீணை குப்பையர். அவருடைய மைந்தர் திருவொற்றியூர்த் தியாகையர் வாயிலாகச் சுவாமிகளின் வழியும் அம்மையாரை வந்தடைந்தது. சியாமா சாஸ்திரிகளின் மைந்தர் சுப்பராய சாஸ்திரிகளோடு இக்குடும்பத்துக்கு இருந்த தொடர்பினால் அவ்வழிப் பாடல்களும் வீட்டுச் செல்வமாயின. வாலாஜாபேட்டைப் பாலகிருஷ்ணதாசர் என்னும் கண்பார்வையற்ற வித்துவானிடம் பதங்களைப் பயின்றார். தர்மபுரி சுப்பராயர் முதலியோர் இயற்றிய ஜாவளிகள் இவர் வாயிலாகப் பெருமதிப்புப் பெற்றன.

பதம் என்பது யாது என்பதனை இளைஞர் பொருட்டு ஈண்டுச் சிறிது விளக்குவாம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்திரக்ஞர் தெலுங்கிலே இயற்றிய அகப்பொருட் பாடல்கள் பதம் எனப்படும். தலைவி தலைவனை நினைந்து ஏங்குதல், ஊடுதல், தோழியைத் தூதுவிடுதல் முதலியன இவற்றின் பொருள். இறைவனைத் தலைவனாகவும் உயிரைத் தலைவியாகவும் கொண்டு இவற்றைப் பாடுவர். நமது அகத்திணை மரபும் நாயன்மார் பாடல்களும் அறிந்தார்க்கு இது புதிதன்று. தமிழிலும் கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயிற் சுப்பராமையர் முதலியோர் பதம் இயற்றினர். கனம் கிருஷ்ணையர், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் தந்தையாருக்கு இசையாசான். அவர் சரித்திரத்தை ஐயரவர்களே தனி நூலாக எழுதியுள்ளார்கள். பதம் மிகத் தாழ்ந்த காலத்திற் செல்வது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள மௌனமும் அதிற் பொருளுடையது. ஆதலின், அவசரமுடையார் பாடற்கும் கேட்டற்கும் அஃது இயைவதன்று.

சிறுபிட்டியும் சென்னையும்

இவ்விடத்தே நம்மூர் நினைவொன்று எழுகின்றது. எமது புத்தூருக்கு அயலூராகிய சிறுபிட்டியிலே 1832இற் பிறந்த இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கி, அந்நகரிலே பல்லாண்டு வாழ்ந்து, 1901இல் அங்கேயே மறைந்தார்கள். தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலிய நூல்களைக் கறையானுக்கு இரையாகாது ஏட்டினின்றும் அச்சேற்றியவர்கள் அவர்களே. பிள்ளையவர்கள் ஏடு தேடி அலைந்த அதே காலத்திலேதான் தனம் அம்மையார் ஆசிரியர் வாயினின்றும் பாடல்களைக் கேட்டுத் தம் விரலிற் பதித்துக்கொண்டிருந்தார்.

இருவர் செய்ததும் ஒருவகையில் ஒரே தொண்டு. ஆயின், வேற்றுமையொன்று உண்டு. ஏடு செல்லரித்தாலும் ஒரு பகுதி எஞ்சும். பிறிதொரு பிரதி பிறிதோர் ஊரிற் கிடைத்தலும் கூடும். விரலிலும் மிடற்றிலும் வாழும் இசைக்கோ பிரதி இல்லை. அதனை உடையவர் மறைந்தால் அதுவும் உடன் மறையும். சுரக்குறிப்பு எழுதிவைத்தல் கூடுமெனின், அஃது உடம்பின் எலும்பை மாத்திரம் வரைந்து வைத்தலை ஒக்கும்.

வீணையும் விரலும்

தஞ்சை வீணை பலாமரத்தாற் செய்யப்படுவது. இருபத்துநான்கு மெட்டுகள் மெழுகின்மேற் பதிக்கப்பட்டிருக்கும். வாசிக்கும் தந்திகள் நான்கு. தாளத்துக்கும் சுருதிக்கும் உரியவை மூன்று. வலக்கை விரல் தந்தியை மீட்ட, இடக்கை விரல் மெட்டின்மேல் அதனை அழுத்தியும் பக்கவாட்டில் இழுத்தும் சுரங்களைப் பிறப்பிக்கும். ஒருமுறை மீட்டிய ஒலி அடங்குமுன், அவ்வொலியினின்றே இழுப்பினால் இரண்டு மூன்று சுரங்களை எடுத்தல் கூடும். இதுவே கமகத்தின் உயிர்நிலை. மீட்டுதல் குறையக் குறைய வீணை பாடுவது போலாகும். மீட்டுதல் மிகுந்தாற் கருவியின் ஓசையே மேலோங்கும்.

பலர் விரலிற் கம்பியாலாகிய கருவியை அணிந்து மீட்டுவர். ஓசை உரத்துக் கேட்கும். தனம் அம்மையாரோ அதனை அணியாது வெறும் விரலாலேயே மீட்டினார். ஓசை மெல்லிதாயிற்று, இனிமை மிகுந்தது. வீணையோடு ஒன்றித் தாமும் மெல்லப் பாடுவார். எது வீணை, எது மிடறு எனப் பிரித்தறிதல் அரிதாகும். மிருதங்கம் முதலிய பக்கவாத்தியம் இன்றியே பெரும்பாலும் வாசித்தார். இராகத்தை நீட்டி விரித்தலை அவர் விரும்பவில்லை. நாலைந்து பிடிகளிலே இராகத்தின் முழுவுருவையும் காட்டி நிறுத்திவிடுவார். குறளடி இரண்டிற் பெரும்பொருள் அடங்குதல்போல, அவர் இசையிலும் சுருக்கமே பெருமையாயிற்று.

இத்தகைய இசைக்கு அளவான அறை வேண்டும். மெல்லோசையின் கடைசி இழை வந்து சேரும் தூரத்துக்கு அப்பால் இருப்பவர்க்கு அஃது இசையன்று. ஏதோ ஓசை மாத்திரமே. மேனாட்டிலும் இவ்வாறான இசை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே ஹைடன் முதலியோர் நான்கு நரம்புக்கருவிகளுக்கு இயற்றிய இசை, பிரபுக்களின் மாளிகை அறைகளில் ஒரு சிலர் கேட்க வாசிக்கப்பட்டது. அதனை அறையிசை என்றே அவர்கள் வழங்கினர். நம் நாட்டில் அறையிசைக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் தனம் அம்மையாரின் வீட்டையே காட்டுதல் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை

ஜோர்ஜ் ரவுணிலே இராமகிருஷ்ணச் செட்டி தெருவில் அம்மையாரின் இல்லம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாலை நேரத்தில் அங்கே வீணை ஒலிக்கும். கேட்க வருபவர் பெரும்பாலும் வித்துவான்களும் தேர்ந்த இரசிகர்களும் ஆவர். டைகர் வரதாச்சாரியார், அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்ற பேரறிஞரும் அவர் இசையைப் போற்றியவர்களாவர். தாம் மேடையிற் பல்லாயிரவரை மகிழ்விக்கும் ஆற்றலுடைய வித்துவான்களே அங்கே மாணாக்கர்போற் கைகட்டி அமர்ந்தனர் என்றால், அவ்வறையின் பெருமையை வேறு விளக்குதல் மிகை.

அவ்வறையிற் சட்டம் ஒன்றே, அது மௌனம். பேச்சு, அசைவு, காலந்தாழ்த்தி வந்து இடம்தேடுதல் முதலியவற்றை அம்மையார் பொறுத்துக்கொள்ளார். இதனை அகந்தை என்று கருதினாரும் உளர். அவ்வாறு கருதுதல் பொருந்தாது. இலேசான சலசலப்பிலும் மறைந்துபோகும் இசையை வாசிப்பவர் அமைதியை வேண்டுதல், விளக்கேற்றுபவர் காற்றடிக்கும் சாளரத்தைச் சாத்துதலை ஒக்கும். அவ்வறையிற் கேட்பவரும் இசைக்குரிய வேலை ஒன்றைச் செய்தனர். அவர்கள் மௌனம் இல்லையேல் அவ்விசையும் இல்லை.

வித்துவான்களுக்கு அவ்வீடு ஓர் உரைகல்லாகவும் விளங்கிற்று. ஒரு கிருதியின் பாடம் எதுவென ஐயம் நேர்ந்தால், தனம்மாள் வீட்டுப் பாடம் எது என்று வினவுதல் வழக்கமாயிற்று. பட்டமும் பதவியும் இன்றி, ஒரு பெண்மணி வாசிக்கும் முறையே பிரமாணமாகக் கொள்ளப்பட்டமை அக்காலத்தில் அரியதொரு நிகழ்ச்சியாகும்.

காலம் மாறியது

அம்மையாரின் நடுவயதிலே சென்னையின் இசையுலகம் மாறத் தொடங்கிற்று. செல்வர் வீட்டுக் கூடத்தினின்றும் கோயில் மண்டபத்தினின்றும் கச்சேரி சபாக்களின் கொட்டகைக்குச் சென்றது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் யாவரும் கேட்கலாம் என்னும் நிலை வந்தது. இது நன்மையே, சாதியும் செல்வமும் பாராது இசை பலரிடம் சென்றது. 1927இற் சென்னையிற் காங்கிரஸ் மகாசபை கூடியபொழுது நிகழ்ந்த இசை மகாநாட்டின் பயனாக 1928இல் சங்கீத வித்துவத் சபை தோன்றிற்று. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை எங்கும் பரவிற்று. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் ஒலிபெருக்கியும் வந்தது.

இம்மாற்றத்தால் அம்மையாரின் இசைக்கு இரண்டு வழிகளே எஞ்சின. ஒன்று, ஓசையை உரக்கச் செய்து, வேகத்தைக் கூட்டி, மிருதங்கத்தோடு மேடையேறுதல். மற்றையது, அறையிலேயே அமைந்து வருவாயை இழத்தல். அம்மையார் இரண்டாவதனையே தெரிந்துகொண்டார். அவருக்கு மேடை தெரியாதது அன்று. குழந்தைப் பருவத்திலேயே கச்சேரி செய்தவர் அவர். தாம் பெற்ற செல்வத்தை மாற்று மங்காது கொடுத்தற்கு அறையே தக்கது எனக் கொண்டார் போலும்.

இதே காலத்திற் பிறிதொரு புயலும் வீசிற்று. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தல் வேண்டும் என்னும் இயக்கம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலியோர் முயற்சியால் வலிமை பெற்று, 1947இற் சென்னை மாகாணச் சட்டமாக முடிந்தது. சிறுமியர் வாழ்வைக் காத்தற்கெழுந்த அவ்வியக்கத்தின் நோக்கம் உயர்ந்ததே. ஆயின், வழக்கத்தை வெறுத்தவருட் சிலர் அவ்வழக்கத்திற் சிக்கிய பெண்டிரையும், அவர்கள் காத்த கலையையும் ஒருசேர வெறுத்தனர். களையைக் களைபவர் பயிரையும் பிடுங்குதல் போலாயிற்று அச்செயல். தனம் அம்மையாரின் பேர்த்தியார் பாலசரஸ்வதி, ஏழு வயதுச் சிறுமியாக 1925இற் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் செய்தபொழுது, ஆடற்கலையின் எதிர்காலமே ஐயத்துக்கிடமாயிருந்தது. அக்குழந்தையை ஆடலிற் புகுத்துதற்கு முதலில் தயங்கிய அம்மையார் பின்னர் இசைந்தார். அவ்விசைவினால் உலகம் பெற்ற பயனைப் பின்னர்க் கூறுவாம்.

வறுமையும் மறைவும்

அம்மையாரிடம் பணம் தங்கியதில்லை. வந்ததை வாரி வழங்கும் இயல்புடையவர் அவர். வீட்டிலோ பெண்மக்கள் நால்வரும் அவர்தம் மக்களுமாகப் பெருங்குடும்பம். ஆதரித்த செல்வர் குடிகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. வெள்ளிக்கிழமை கேட்க வந்தவர் இன்புற்றுச் சென்றனர். ஆயின், அவ்வின்பம் அடுத்த வெள்ளிக்கிழமையும் தொடர்தற்கு அடுப்பு எரிய வேண்டும் என்பதனை எத்துணைப்பேர் எண்ணினர்? கடன் பெருகிற்று. முதுமையிற் கண்பார்வையும் மறைந்தது. ஆயினும் வீணை நிற்கவில்லை. மெட்டுகளைக் கண்ணாற் பார்த்து வாசித்தவர் அல்லர் ஆதலின், இருள் அவர் விரலைத் தீண்டவில்லை.

1930ஐ அடுத்த ஆண்டுகளிலே கொலம்பியாக் குழுமத்தார் அவர் வாசிப்பை இசைத்தட்டுகளிற் பதிவு செய்தனர். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவுக்கு மேல் அடங்காது. அறுபது வயதைக் கடந்த அம்மையாரின் வாழ்நாட் பயிற்சி அச்சிறு துண்டுகளாகவே நமக்கு எஞ்சியுள்ளது.

1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், எழுபத்தொன்றாம் வயதில், அம்மையார் இறைவனடி சேர்ந்தார். யாழ் வாசித்த குருடனுக்கு அரசன் ஒரு நாட்டை ஈந்தான் என்னும் கதையை உடையவர் நாம். வீணை வாசித்த குருடிக்கு, அவரைப் போற்றிய பெருநகரம் கடனையே எஞ்சவிட்டது.

வழித்தோன்றல்கள்

எனினும், அம்மையார் விட்டுச்சென்ற செல்வம் கடன்காரரால் எடுத்துக்கொள்ளப்படாதது. இராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி என்னும் மகளிர் நால்வர்க்கும், அவர் மக்களுக்கும் அதனை வழங்கியிருந்தார். காமாட்சி அம்மையாரின் மகளிர் பிருந்தாவும் முக்தாவும் பாட்டியார் வழிப் பதங்களைப் பிறழாது பாடினர். பிருந்தா அம்மையாரிடம் பதம் கற்றற்கு எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார், இராமநாதபுரம் கிருஷ்ணன் போன்ற புகழ்பெற்ற பாடகரும் சென்றனர். அவருக்கு 1976இற் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

ஜெயம்மாள் பாட, அவர் மகள் பாலசரஸ்வதி ஆடினார். பிற நாட்டினரும் பரதத்தின் பெருமையை உணர்ந்தது அவ்வாடலாலேயாகும். வங்காளத் திரைப்பட மேதை சத்தியஜித் ராய் 1976இல் அவரைப் பற்றிப் படம் எடுத்தார். தம்பியர் இருவருள் விசுவநாதன் புல்லாங்குழலிலும் இரங்கநாதன் மிருதங்கத்திலும் வல்லவராய், அமெரிக்காவிலே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அந்நாட்டு மாணவர்க்கு நம் இசையைக் கற்பித்தனர். மாணாக்கர் இரங்கராமானுஜ ஐயங்கார் அம்மையாரிடம் கேட்ட கிருதிகள் பலவற்றைச் சுரக்குறிப்புடன் கிருதிமணிமாலை என்னும் தொகுதிகளிற் பதிப்பித்தார். 2010இல் இந்திய அரசாங்கம் அம்மையார் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. இராமகிருஷ்ணச் செட்டி தெருவின் ஓரறையில் மெல்ல ஒலித்த வீணை கடல்கடந்து சென்றமை இவ்வாறே. கூட்டத்தின் பெருக்கத்தால் அது சென்றதன்று; கைக்குக் கையாய்க் கொடுக்கப்பட்டுச் சென்றது.

நமக்குரியது

இச்சரித்திரத்தை எழுதப் புகுந்த காரணத்தையும் கூறி முடிப்பாம். என்னிடம் தமிழ் பயின்று இப்பொழுது வெளிநாட்டில் வாழும் மாணாக்கர் ஒருவர், அம்மையாரின் பழைய இசைத்தட்டொன்றின் பிரதியைக் கைத்தொலைபேசி வழியே எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு மாலைப்பொழுதில் அதனைக் கேட்கத் தொடங்கினேன். அயலிலே விழாவுக்குரிய ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. கீறலும் இரைச்சலுமாக எதுவோ கேட்டதேயன்றி, இசையென ஒன்றும் எனக்குப் புலப்படவில்லை. இதற்கோ இத்துணைப் புகழ் என ஏமாற்றமுற்று நிறுத்திவிட்டேன். பின்னர் ஒருநாள் ஊரடங்கிய நள்ளிரவில், உறக்கம் வராமையால், விறாந்தையிலிருந்து மீண்டும் கேட்டேன். கீறலுக்குப் பின்னே ஒரு தந்தி அசைந்தது. அதனோடு ஒரு முதியவரின் குரல் இழைந்தது. மூன்று நிமிடம் முடிந்தபின்னரும் எழுந்திருக்க மனம் வரவில்லை. இசைத்தட்டு முன்னையதே, செவியும் முன்னையதே. மாறியது அமைதி ஒன்றே.

திறந்தவெளியிற் பெருகி ஒலிக்கும் இசையை இகழ்தல் என் கருத்தன்று. நாதசுரமும் தவிலும் இல்லாத திருவிழா நமக்கு ஏது? 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழகத்துக்கும் வழங்கிப் பெருமைகொண்டது யாழ்ப்பாணம். மருதனார்மடத்திலே 1960இல் இராமநாதன் பெயரால் எழுந்த இசைக்கல்லூரியின் வழிவந்த மரபு, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே நிலைபெற்று ஆண்டுதோறும் இசைமாணவரை உருவாக்குகின்றது. அவர்களுள் வீணை பயின்று வெளிவரும் இளம்பெண்கள் எத்துணையர்! பட்டம் பெற்றபின் அவர் வீணை எங்கே ஒலிக்கின்றது? திருமண மண்டபத்தில் விருந்தினர் பேசிக்கொண்டிருக்க, யாரும் கேளாத மூலையிலே ஒலிக்கின்றது. அன்றேல் உறையிட்டபடி சுவரோரத்திற் சாய்ந்திருக்கின்றது.

விழாமலர் ஒன்று பழைய மாணவர் கையிற் சேரும்பொழுது அவர் உள்ளத்திற் கல்லூரியின் மேல் அன்பு பெருகுதல் இயல்பு. அவ்வன்பு கட்டடமாகவும் விளையாட்டரங்காகவும் உருப்பெறுதல் நன்றே. அதனோடு, பெருஞ்செலவு வேண்டாத வேறொன்றையும் அவர்கள் செய்தல் கூடும். ஊர்தோறும் ஓர் அறை. மாதந்தோறும் ஒரு மாலை. முப்பதின்மருக்கு மேற்படாத அவை. ஒலிபெருக்கி வேண்டாம், பொன்னாடையும் தலைமையுரையும் வேண்டாம். வாசிப்பவர்க்குரிய கைம்மாறு அவர் வீணையை உறையினின்றும் எடுக்குமுன் அவர் கையிற் சேர்ந்திருத்தல் வேண்டும். கேட்பவர் தத்தம் தொலைபேசிகளை வாயிலிலேயே அடக்கிவைத்து, வாய்மூடி அமர்தல் வேண்டும். வேறு விதி வேண்டுவதின்று.

இம்மலர் வெளிவந்தபின் வரும் வெள்ளிக்கிழமைகளுள் ஒன்றிற் புத்தூரிலே என் இல்லத்து விறாந்தையில் அத்தகைய முதல் மாலையைக் கூட்டுதற்கு எண்ணியுள்ளேன். நம் பல்கலைக்கழகத்திற் பயின்ற இளம்பெண் ஒருவர் வீணை வாசித்தற்கு இசைந்துள்ளார். பாய் விரிக்கப்பட்டிருக்கும். வருகின்ற பழைய மாணவர், வீணை தொடங்குமுன் வந்து அமர்வாராக.